தூக்கம் கெட்டால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு?

கையடக்கமான ஒரு பெட்டி. அதன் முகப்பில் சின்னத் திரை. எந்த நொடியில் என்று சொல்ல முடியாதபடி அதில் சிவப்பு எண்கள் தோன்றி மில்லிசெகண்டுகளில் ஓடத் தொடங்கும். பார்த்த மாத்திரத்தில் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கி அதை நிறுத்த வேண்டும். அடுத்த எண் வருவதற்கு 2 நொடி ஆகலாம், 10 நொடியும் ஆகலாம். இப்படிப் பத்து நிமிடம். தூக்க ஆய்வுக்கூடங்களில் பி.வி.டி. என்று அழைக்கப்படும் இந்தச் சோதனையை டேவிட் டிங்கெஸும் அவருடைய சகா பவலும் 1985-இல் வெளியிட்டார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவர் கால் நொடியிலோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ பொத்தானை அமுக்கிவிடுவார். அரை நொடியைத் தாண்டினால் அதைக் கவனச் சறுக்கல் என்று குறித்துக்கொள்வார்கள். இரவு முழுக்க விழித்தவர் முன் விடியற்காலையில் இதே பெட்டியை வைத்தால் சறுக்கல்கள் வரிசை கட்டி நிற்கும். கண் திறந்தபடியே இருக்கும், எண் ஓடிக்கொண்டே இருக்கும், விரல் அசையாது.

இதில் வியப்புக்குரியது என்னவென்றால், எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை.

2004-இல் ஹான்ஸ் வான் டாங்கனும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. 21 பேரை 36 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்தார்கள். அதுவும் ஒருமுறை அல்ல, இடைவெளி விட்டு மூன்று முறை. அதற்கு முந்தைய வாரத்தில் சில சமயம் குறைவாகத் தூங்கவிட்டார்கள், சில சமயம் நிறையத் தூங்கவிட்டார்கள். சிலர் ஒரே இரவில் நிலைகுலைந்தார்கள்; சிலர் கிட்டத்தட்ட வழக்கம்போல இயங்கினார்கள். முதல் முறை தடுமாறியவர்கள்தான் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தடுமாறினார்கள். ஆட்களுக்கிடையே தெரிந்த வேறுபாட்டில் 67 முதல் 92 சதவீதம் வரை அந்தந்த ஆளின் நிலையான இயல்பாகவே இருந்தது. முந்தைய வாரத்துத் தூக்கம் அதை மாற்றிவிடவில்லை. 2012-இல் வந்த ஓர் இரட்டையர் ஆய்வு இதற்கு மரபுவழி ஆதாரம் தந்தது. ஒருகரு இரட்டையர் இருவரின் கவனச் சறுக்கல்கள் ஒன்றோடொன்று வெகுவாக ஒத்துப்போயின. இருகரு இரட்டையரிடம் அந்த ஒற்றுமை மிகக் குறைவு. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, இரவு முழுதும் விழிப்பதைத் தாங்காதவர்கள், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் குறைவதையும் தாங்குவதில்லை என்று காட்டியது.

ஆக, தூக்கக் கேட்டைத் தாங்கும் சக்தி மன உறுதியைப் பொறுத்தது என்ற பழைய எண்ணம் நிற்கவில்லை. “பழகினால் சரியாகிவிடும்” என்று இரவுப் பணிக்குப் புதிதாக வரும் செவிலியரிடம் சொல்வது பலருடைய விஷயத்தில் பொய். அப்படியென்றால் இந்த இயல்பை முன்கூட்டியே கண்டறிய ரத்தத்திலோ எச்சிலிலோ மரபணுவிலோ மூளைப் படத்திலோ ஓர் அடையாளம் கிடைக்குமா? பயோமார்க்கர் எனப்படும் உயிர்க்குறியைத் தேடி இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சியின் மையக் கேள்வி இதுதான்.

இப்படி ஓர் அடையாளம் ஏன் வேண்டும்? சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடலாமே? கேட்டால் பயனில்லை என்பதை அதே வான் டாங்கன் குழு 2003-இல் காட்டியிருந்தது. 48 பேரில் சிலரை 14 நாள் தொடர்ந்து இரவுக்கு 4 மணி நேரமும், சிலரை 6 மணி நேரமும், வேறு சிலரை 8 மணி நேரமும் படுக்கவிட்டார்கள். 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ படுத்தவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, முடிவில் ஓரிரண்டு இரவு அறவே தூங்காதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் “எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?” என்ற கேள்விக்கு அவர்கள் தந்த மதிப்பெண் முதல் சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக ஏறவே இல்லை. இரவில் பேருந்து ஓட்டுபவர், “எனக்கு ஒன்றும் ஆகாது, இதெல்லாம் பழகிவிட்டது” என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. தன் நிலை அவருக்கே தெரியவில்லை.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி வரும் செய்திகளில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இவர் இப்போது எவ்வளவு தூக்கம் இழந்திருக்கிறார் என்பது ஒன்று. தூக்கம் இழந்தால் இவர் எவ்வளவு பாதிக்கப்படுவார் என்பது இன்னொன்று. மழையில் வந்தவரின் சட்டை எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பது வேறு. நனைந்தால் இவருக்குக் காய்ச்சல் வருமா என்று மழைக்கு முன்பே சொல்வது வேறு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் தேசியச் சுகாதார நிறுவனங்களும் 2016-இல் வகுத்த பட்டியலும் நிலையைக் கண்காணிக்கும் குறியையும் பாதிப்புக்கு ஆளாகும் இயல்பைச் சொல்லும் குறியையும் தனித்தனி வகைகளாகவே வைக்கிறது. இதுவரை கிடைத்த பெரிய வெற்றிகள் பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடைகள். இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதுபோல அவற்றைப் பேசுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன்.

முதல் கேள்வியின் கதை ஈக்களிடமிருந்து தொடங்குகிறது. 2006-இல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பால் ஷாவின் குழு, தூங்கவிடாமல் வைத்த பழ ஈக்களின் உடலில் அமிலேஸ் என்ற நொதியின் செயல்பாடு கூடுவதைக் கண்டது. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் இதே நொதி மனிதர் எச்சிலிலும் உண்டு. 28 மணி நேரம் விழித்திருந்தவர்களின் எச்சிலைச் சோதித்தபோது அங்கும் அது கூடியிருந்தது. எச்சில்தானே, எடுப்பதும் சுலபம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் மன அழுத்தத்தாலும் அமிலேஸ் கூடும். பகல் இரவுக்கு ஏற்பவும் அது மாறும். தனி ஒரு பொருளை நம்பினால் வரும் சிக்கல் இது. அதனால் அடுத்து வந்தவர்கள் பல பொருள்களைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகக் குழு 2013-இல், ஒரு வாரம் 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களின் ரத்தத்தில் 711 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருப்பதைக் காட்டியது. அழற்சி, நோயெதிர்ப்பு, உடலின் அழுத்த எதிர்வினை ஆகியவற்றோடு தொடர்புடையவையும் அவற்றில் இருந்தன. 2019-இல் அதே பல்கலைக்கழகத்தார், 68 மரபணுக்களின் செயல்பாட்டை இயந்திரக் கற்றல் முறையில் சேர்த்துப் பார்த்து, ஒரு ரத்த மாதிரி இரவு விழித்தவருடையதா, தூங்கியவருடையதா என்று 92 சதவீதத் துல்லியத்தோடு சொன்னார்கள். ஆனால் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தூக்கம் குறைந்தவர்களைக் கண்டுபிடிப்பதில் அந்த முறை அவ்வளவு கைகொடுக்கவில்லை.

2024-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு ரத்தத்திலுள்ள வெறும் ஐந்து வளர்சிதைப் பொருள்களைக் கொண்டே, ஒருவர் 24 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கிறாரா என்று சொன்னது. அதே ஆள் நன்றாகத் தூங்கிய நாளில் எடுத்த மாதிரியோடு ஒப்பிட்டபோது துல்லியம் 99 சதவீதத்துக்கும் மேல். ஒப்பிட ஏதுமில்லாமல் ஒற்றை மாதிரியை மட்டும் பார்த்தபோது அது ஏறக்குறைய 89 சதவீதமாக இறங்கியது. பத்திரிகைகள் 99-ஐத்தான் தலைப்பில் போட்டன. என் கண்ணுக்கு அந்த இரண்டு எண்களுக்கும் இடையே விழுந்த பத்துப் புள்ளிகள்தான் முக்கியமாகத் தெரிகின்றன. ஒவ்வோர் உடலுக்கும் தனித்தனி இயல்புநிலை இருக்கிறது. அது தெரியாமல் ஒற்றை மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பத்தில் ஒருவர் விஷயத்தில் தவறு நேரும். ஆய்வுக்கூடத்தில் அந்தத் தவறு ஒரு புள்ளிவிவரம். நீதிமன்றத்திலோ அது ஒரு மனிதரின் சிறைத் தண்டனை. இது கற்பனைக் கவலை அல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2003 முதல் ‘மேகி சட்டம்’ அமலில் இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் வண்டி ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்தால் அதைப் பொறுப்பற்ற செயலாகக் கருத அது இடம் தருகிறது. ஓட்டுநர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பதை நிரூபிக்க வழியில்லாததால்தான் இத்தகைய சட்டங்கள் தடுமாறுகின்றன. ரத்தச் சோதனை வந்தால் அந்தத் தடை நீங்கும். அது வரட்டும். ஆனால் 24 மணி நேரம் விழித்தும் சறுக்காதவர் இருக்கிறார், 18 மணி நேரத்திலேயே சறுக்குபவரும் இருக்கிறார் என்று இத்தனை ஆய்வுகள் சொன்ன பிறகும், சோதனை மணிக்கணக்கை மட்டுமே சொல்லும்.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். முதலில் எல்லோரும் போய் நின்ற இடம் மரபணு. உடலின் நாள்கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களில் பெர்3 என்பதில் ஒரு துண்டு சிலருக்கு நான்கு முறையும் சிலருக்கு ஐந்து முறையும் திரும்ப வரும். 2007-இல் சர்ரே பல்கலைக்கழகத்தின் டெர்க்-யான் டைக், சைமன் ஆர்ச்சர் ஆகியோர் அடங்கிய குழு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஐந்து முறை வடிவத்தைப் பெற்றவர்கள் தூக்கம் இழந்த விடியற்காலையில் சிந்தனைத் திறனில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று அறிவித்தது. அவர்களுக்கு ஆழ்ந்த தூக்கத்தின் தேவையே அதிகம் என்பதும் தெரிந்தது. கையில் வந்துவிட்டது அடையாளம் என்ற உற்சாகம் பரவியது. இரண்டே ஆண்டுகளில், 2009-இல், நம்ரதா கோயல் தலைமையிலான பென்சில்வேனியாக் குழு, பல நாள் தொடரும் தூக்கக் குறைவில் பெர்3 வடிவத்துக்கும் தடுமாற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. அடுத்த ஆண்டு இதே குழு வேறொரு மரபணு வடிவத்தை எடுத்துக்கொண்டது. அந்த வடிவம் உடையவர்கள் அதிகத் தூக்கக் கலக்கத்தை உணர்ந்தார்கள், தூக்கமும் துண்டு துண்டாயிற்று. ஆனால் சோதனைகளில் மற்றவர்களைப் போலவே செய்தார்கள். அடினோசின் ஏற்பி மரபணு, அழற்சியோடு தொடர்புடைய டி.என்.எஃப். மரபணு என்று இந்த வரிசை நீள்கிறது.

ஆய்வுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெர்3 ஆய்வில் பங்கேற்றவர்கள் 24 பேர். ஒருவரை நாட்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் வைத்துத் தூங்கவிடாமல் கண்காணிப்பது பெரும் செலவு. அதனால் இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் இருபது, முப்பது பேரோடு முடிந்துவிடுகின்றன. ஒரு மரபணுவின் பங்கு சிறிதாக இருந்தால், இவ்வளவு சின்னக் கூட்டத்தில் அது தற்செயலாகப் பெரிதாகத் தெரியும், அடுத்த கூட்டத்தில் காணாமல் போகும். பெரிய கூட்டத்தில் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதற்கு 2019-இல் வந்த தூக்கமின்மை மரபணு ஆய்வு நல்ல சான்று. 13 லட்சம் பேரின் மரபணுத் தகவலை அலசி, 202 இடங்களில் 956 மரபணுக்கள் தூக்கமின்மையோடு தொடர்புடையவை என்று அது சொன்னது. அத்தனையும் சேர்ந்துகூட ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சிறு பங்கைத்தான் விளக்கின. எச்சில் மாதிரியை அனுப்பினால் “உங்களுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் தேவை” என்று சொல்லித் தருவதாக யாராவது விற்றால் அதை வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

அரிதான சில குடும்பங்களில் மட்டும் ஒற்றை மரபணு நிஜமாகவே பேசுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் யிங்-ஹுய் ஃபூவின் குழு 2009-இல் ஒரு தாயையும் மகளையும் பற்றி எழுதியது. டெக்2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறிய அவர்கள் இருவரும் இரவுக்கு ஆறேகால் மணி நேரம் தூங்கினாலே போதும். அதே குடும்பத்தில் அந்த மாற்றம் இல்லாதவர்கள் எட்டு மணி நேரம் தூங்கினார்கள். பிறகு இப்படி வேறு சில மரபணுக்களும் கிடைத்தன. இவை தூக்கத்தைப் புரிந்துகொள்ள அருமையான சாளரங்கள். ஆனால் “நான் ஐந்து மணி நேரம்தான் தூங்குவேன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெரும்பாலோர் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் தூக்கத்தை இழந்துகொண்டிருப்பவர்கள்.

மூளையை நேரடியாகப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் உறுதியான தடயம் கிடைத்தது. அமெரிக்கப் போர் விமானிகள் சிலரை நன்றாகத் தூங்கிய நிலையில் மூளைப் படம் எடுத்து, பிறகு இரவு முழுதும் விழிக்கவைத்து விமானப் பாவனைக் கருவியில் பறக்கவிட்டார்கள். முன்பே மூளையின் செயல்பாடு அதிகமாகத் தெரிந்தவர்கள் களைப்பை நன்றாகத் தாங்கினார்கள் என்று 2005-இல் ஜான் கால்ட்வெல் குழு எழுதியது. சிங்கப்பூரில் மைக்கேல் சீயின் ஆய்வுகள், சறுக்கல் நேரும் நொடியில் நெற்றிப் பகுதிக்கும் உச்சிப் பகுதிக்கும் இடையிலான கவன வலையம் தளர்வதைப் படம்பிடித்தன. அதே ஊரில் 2012-இல், நெஞ்சில் ஒட்டிய கருவி காட்டும் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே கவனம் எப்போது சரியும் என்று மதிப்பிட முயன்றார்கள். ஜெர்மனியில் கொலோன் ஆய்வாளர்கள் 2018-இல் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்கள்: தூக்கம் கெட்டால் அதிகம் தடுமாறுகிறவர்களே மதுவாலும் அதிகம் தடுமாறுகிறார்கள். விழித்திருக்கும்போது மூளையில் சேரும் அடினோசினும் அதற்கான ஏற்பிகளும் இரண்டு தடுமாற்றத்துக்கும் பொதுவான காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. காபி நம்மை விழிக்கவைப்பதும் அந்த ஏற்பிகளை அடைத்துத்தான். இந்தத் திசைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. ஏனென்றால் இங்கே தொடர்பு மட்டும் சொல்லப்படவில்லை, அது எப்படி நேர்கிறது என்பதும் சொல்லப்படுகிறது.

உயிர்க்குறி நன்றாக வேலை செய்யும் தூக்க நோய் ஒன்று இருக்கிறது: நார்கோலெப்சி, அதாவது பகலில் திடீர் திடீரென்று தூக்கம் ஆளைச் சாய்த்துவிடும் நோய். அதன் முதல் வகையில் ஹைபோகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துபோகின்றன. முதுகுத் தண்டுவட நீரில் அதன் அளவு மில்லிலிட்டருக்கு 110 பிகோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. ஒரு செல் கூட்டம், ஒரு பொருள், ஒரு அளவு. தூக்கக் கேட்டைத் தாங்காத இயல்பு இப்படி ஒற்றைப் பொருளில் அடங்குவதல்ல. வான் டாங்கனின் 2004 ஆய்விலேயே அது தெரிந்தது: கவனச் சோதனையில் சறுக்கியவர் சிந்தனைச் சோதனையில் சறுக்க வேண்டும் என்பதில்லை, தனக்குத் தூக்கம் வருகிறது என்று சொன்னவர் இரண்டிலும் நன்றாகச் செய்திருக்கலாம். வயதும் நம் எண்ணத்தைப் புரட்டுகிறது. ஓர் இரவு முழுக்க விழித்த பிறகு, ஆரோக்கியமான முதியவர்கள் இளைஞர்களைவிடக் குறைவாகவே தடுமாறினார்கள் என்று பாஸ்டனில் ஜீன் டஃபியும் சகாக்களும் காட்டினார்கள்.

மேலும், தடுமாற்றம் மட்டும்தான் பாதிப்பா? தூக்கத்தை யாரும் பறிக்காமலேயே அது வராமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் அலெக்ஸாண்ட்ரோஸ் வகோன்ட்சாஸ் இவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். தூக்கம் வரவில்லை என்று சொன்ன சிலரை ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது போதுமான அளவு தூங்கினார்கள். வேறு சிலர் நிஜமாகவே ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கினார்கள். இரண்டாம் வகையினருக்கு ரத்த அழுத்த நோய் இருப்பதற்கான வாய்ப்பு, நன்றாகத் தூங்குபவர்களோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு என்று 2009-இல் அவர் எழுதினார். “தூக்கம் வரலை டாக்டர்” என்ற ஒரே வாக்கியத்தோடு வரும் இருவருக்கு இரண்டு வேறு எதிர்காலங்கள் காத்திருக்கின்றன. இங்கே அளந்தறிந்த தூக்க நேரமே ஓர் உயிர்க்குறி. விலை உயர்ந்த மரபணுச் சோதனையைவிட அது அதிகம் சொல்கிறது.

நோயெதிர்ப்பும் அப்படித்தான். பிட்ஸ்பர்க்கில் ஷெல்டன் கோயன் 153 ஆரோக்கியமான மனிதர்களின் தூக்கத்தை இரண்டு வாரம் குறித்துவைத்துவிட்டு, மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுவிட்டார். 7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 8 மணி நேரமோ கூடுதலாகவோ தூங்கியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. சி.ஆர்.பி., ஐ.எல்.6 போன்ற அழற்சிக் குறிகள் தூக்கத் தொந்தரவு உள்ளவர்களிடம் சற்றே உயர்ந்து காணப்படுகின்றன. ஆனால் உடல் பருமனும் பல் ஈறு நோயும் புகைப் பழக்கமும்கூட அவற்றை உயர்த்தும். இவற்றைத் தூக்கத்தின் தனி அடையாளம் என்று சொல்ல முடியாது.

இனி, கிடைக்கப்போகும் குறியை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி. நிர்வாகம் ஒன்று இரவுப் பணிக்கு ஆள் எடுக்கும்போது, தூக்கக் கேட்டைத் தாங்காதவர்களை வடிகட்டிவிட இந்தச் சோதனையைக் கேட்கலாம். அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டம் மரபணுவைக் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கிறது. ஐந்து வளர்சிதைப் பொருள்களையும் இதயத் துடிப்பையும் பற்றி அது பேசவில்லை. அதே குறி தொழிலாளியின் கையில் இருந்தால் கதை வேறு. தனக்கு இரண்டு தொடர் இரவுகளுக்கு மேல் ஆகாது என்று அவர் ஆதாரத்தோடு சொல்லலாம், பணிமுறையை மாற்றக் கேட்கலாம். என் நிலைப்பாடு இதுதான்: யாரையும் விலக்குவதற்கு இது பயன்படக் கூடாது, பணி நேரத்தை ஆளுக்கு ஏற்பத் திருத்துவதற்கே பயன்பட வேண்டும். இதைச் சோதனை சந்தைக்கு வரும் முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ‘தாங்கக்கூடியவர்’ என்று முத்திரை பெற்றவரிடம் கூடுதல் இரவுகள் சுமத்தப்படும். அவர் தாங்குகிறார் என்று நமக்குச் சொன்னது எது? பத்து நிமிடப் பொத்தான் சோதனையும் மூளைப் படமும். 1999-இல் சிகாகோவில் கரீன் ஸ்பீகலும் ஈவ் வான் காட்டரும் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டபோது, அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. கவனம் சறுக்காத ஒருவரின் கணையமும் ரத்தக் குழாய்களும் அதே அளவுக்குத் தாங்குகின்றனவா என்பதை ஒரே ஆட்களிடம், ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். இளம் வயதினரையும் நோயற்றவர்களையும் கொண்டு ஆய்வுக்கூட அறைகளில் நடந்த வேலையை வேலைத்தளங்களுக்கும், பெண்களுக்கும், நாற்பது கடந்தவர்களுக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கும் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொருவரிடமும் நன்றாகத் தூங்கிய நாளில் ஒரு மாதிரி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். அந்த ஆய்வுகள் முடியும் வரை, இரவு முழுக்க விழித்தும் தெளிவாக நிற்கிற மனிதரை அவர் தெளிவாக நிற்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அடுத்த இரவும் வேலைக்கு அழைக்க யாருக்கும் மருத்துவ நியாயம் இல்லை.